விழித்திருந்து காத்தவர்கள்: கொள்ளைநோய்க் காலத்தில் செவிலியரும் மருத்துவச்சிகளும்



2023 மே 5-ஆம் தேதி, கோவிட்-19 இனி உலகளாவிய அவசரநிலை அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அந்த நாள் சர்வதேச மருத்துவச்சிகள் தினமாகவும் இருந்தது. 2020 ஜனவரி 30-ல் தொடங்கிய அந்த அவசரநிலை மூன்று வருஷமும் மூன்று மாதமும் நீடித்தது. இன்று முகக்கவசங்கள் அலமாரிக்குப் போய்விட்டன. சபைகளில் அந்த நாட்களைப் பற்றிய பேச்சும் குறைந்துவிட்டது. ஆனால் வார்டுகளில் தினமும் நடமாடுகிற எங்களுக்கு ஒன்று தெரிகிறது. வியாதி குறைந்தது, அதைச் சுமந்தவர்களுடைய பாரம் அதே வேகத்தில் குறையவில்லை.

ஆகவே இந்த இதழின் பாடத்தில், கொள்ளைநோய்க் காலத்தில் நம் செவிலியரும் மருத்துவச்சிகளும் கடந்து வந்த பாதையைத் தியானிப்போம். எங்களிடம் மனந்திறந்தவர்களின் சம்மதத்தோடு, பெயர்களை விட்டுவிட்டு, அவர்கள் சொன்னவற்றில் சிலவற்றை இங்கே எழுதுகிறோம். பெண்கள் ஐக்கியத்திலோ, வாலிபர் கூட்டத்திலோ, வீட்டு ஜெபக்குழுவிலோ சேர்ந்து வாசிக்க ஏற்றபடி கடைசியில் சில கேள்விகளும் கொடுக்கப்பட்டிருக்கின்றன.

1. நமக்கு முன் சென்றவர்கள்

கொள்ளைநோய் வரும்போது ஓடிப்போகாமல் நோயாளியின் அருகில் நிற்பது திருச்சபைக்குப் புதிதல்ல. மூன்றாம் நூற்றாண்டில் ரோமப் பேரரசை ஒரு கொடிய தொற்று வாட்டியது. அப்பொழுது கார்த்தேஜில் சிப்ரியானும் அலெக்சாந்திரியாவில் தியொனீசியுவும் ஆயர்களாக இருந்தார்கள். பயத்தினால் வீட்டாரே கைவிட்ட நோயாளிகளை விசுவாசிகள் கழுவித் துடைத்து, தண்ணீர் கொடுத்துப் பராமரித்தார்கள். அதில் அநேகர் தாங்களும் நோய்ப்பட்டு இறந்தார்கள். அன்று அவர்களிடம் மருந்து ஒன்றும் இல்லை. இருந்தது தண்ணீரும், ஆகாரமும், ஆள் துணையும்தான். ஆனாலும் அந்த மூன்றும் கிடைத்த நோயாளி பிழைக்க வழி உண்டு, கிடைக்காதவனுக்கு அதுவும் இல்லை. செவிலியம் என்பதன் அஸ்திவாரம் இன்றைக்கும் இதுவே.

நம் தமிழ் மண்ணிலும் இந்தக் கதை பிரசவத்தோடு ஆரம்பிக்கிறது. 1890-களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள் வந்து, பிரசவ வேதனையில் இருந்த தங்கள் மனைவிமாரைப் பார்க்க ஒரு பெண் வேண்டும் என்று கேட்டார்கள். மருத்துவம் படிக்காத இளம்பெண்ணான ஐடா ஸ்கடரால் போக முடியவில்லை. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த இரவுதான் அவரை வைத்தியராக்கியது. 1902-ல் வேலூரில் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழும்பியது. 1909-ல் செவிலியர் பள்ளி வந்தது. 1946-ல் அது பட்டப்படிப்புக் கல்லூரியாயிற்று. ஒரு வைத்தியர் மட்டும் போதாது, இரவு முழுவதும் பக்கத்தில் இருக்க ஆள் வேண்டும் என்பதை ஐடா அம்மையார் சீக்கிரமாகவே கண்டுகொண்டார்.

இடையில் 1918-ஆம் வருஷத்து இன்ஃபுளுவென்சா இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோனது. அதன்பின் நூறு வருஷம் கழித்து நம் தலைமுறைக்கு அந்தச் சோதனை வந்தது.

2. செவிலியர் ஆண்டு

2020-ஆம் ஆண்டை "செவிலியர் மற்றும் மருத்துவச்சியர் ஆண்டு" என்று உலக சுகாதார நிறுவனம் முன்னமே குறித்திருந்தது. ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் பிறந்து 200 ஆண்டுகள் நிறைவடைவதைக் கொண்டாடவே அது ஏற்பட்டது. விழாவுக்கு ஏற்பாடு செய்த வருஷத்தில் போர்க்களம் வந்து சேர்ந்தது.

அந்த ஏப்ரலில் வெளிவந்த அறிக்கையின்படி உலகத்தில் ஏறக்குறைய 2 கோடியே 79 லட்சம் செவிலியர் இருந்தார்கள். இன்னும் 59 லட்சம் பேர் தேவைப்பட்டார்கள். பத்தில் ஒன்பது பேர் பெண்கள். மறு வருஷத்து அறிக்கை, உலகத்தில் 9 லட்சம் மருத்துவச்சிகள் குறைவுபடுகிறார்கள் என்றது. ஆகவே கொள்ளைநோய் வந்தபோது, ஏற்கெனவே ஆள் பற்றாத வீட்டில்தான் அது நுழைந்தது. 2020 ஜனவரி முதல் 2021 மே வரை உலகமெங்கும் 80 ஆயிரம் முதல் 1 லட்சத்து 80 ஆயிரம் சுகாதாரப் பணியாளர்கள் கோவிட்டினால் இறந்திருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இந்த எண்ணிக்கையின் இரு முனைகளுக்கும் நடுவே ஒரு லட்சம் பேரின் வித்தியாசம் இருப்பதைக் கவனியுங்கள். மற்றவர்களின் நாடித்துடிப்பை மணிக்கு மணி எழுதிவைத்தவர்களின் சாவைச் சரியாக எண்ணிவைக்க உலகத்தால் கூடவில்லை.

நம் நாட்டில் செவிலியராகப் பதிவு பெறுகிறவர் பெரும்பாலும் மருத்துவச்சியாகவும் பதிவு பெறுகிறார். ஆகவே இந்த மாதம் கோவிட் வார்டில் நின்ற அதே கைகள்தான் அடுத்த மாதம் பிரசவ அறையில் குழந்தையை ஏந்தின.

3. உடைக்குள் ஆறு மணி நேரம்

தலை முதல் கால் வரை மூடிய பாதுகாப்பு உடை, இரட்டைக் கையுறை, என்-95 முகக்கவசம், கண்ணாடி, அதற்குமேல் முகத்தடுப்பு. இவற்றை அணிவதற்கு ஒரு வரிசை உண்டு, கழற்றுவதற்கும் ஒரு வரிசை உண்டு. அணிவதைவிடக் கழற்றுவதே ஆபத்தானது. களைத்துப்போன நேரத்தில் அசதியாக முகத்தைத் தொட்டுவிட்டால் அன்று பட்ட பாடெல்லாம் வீண்.

உடைக்குள் போனால் தண்ணீர் குடிக்க முடியாது, கழிப்பறைக்குப் போக முடியாது. அதற்காக வேலைக்கு வருமுன்பே தண்ணீர் குடிப்பதை நிறுத்தியவர்கள் உண்டு. பெரியவர்களுக்கான டயப்பர் கட்டிக்கொண்டு வேலை செய்தவர்களும் உண்டு. தொற்று பரவாதபடி பல இடங்களில் குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டார்கள். நம் ஊர் மே மாதத்து வெயிலில் அந்த உடைக்குள் வேர்வை ஓடி, பூட்ஸுக்குள் தேங்கும். மூக்குத் தண்டில் புண், காதுக்குப் பின்னால் வெடிப்பு. மூச்சுக்காற்றின் ஆவி கண்ணாடியை மறைக்கும். அந்த மங்கலில்தான் நரம்பைத் தேடி ஊசி போட வேண்டும்.

நோயாளிக்கோ, சுற்றிலும் வெள்ளை உருவங்கள் மட்டுமே தெரிந்தன. யார் டாக்டர், யார் சிஸ்டர், யார் துப்புரவுப் பணியாளர் என்று ஒன்றும் புரியாது. அதனால் செவிலியர் தங்கள் பெயரை மார்க்கர் பேனாவால் மார்பிலும் முதுகிலும் எழுதிக்கொண்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு முதியவர், தம்மைக் கவனித்த சகோதரியின் உடையில் ஒரு பூவை வரையச் சொன்னாராம். அதற்குப்பின் ஒவ்வொரு முறையும் அவள் பூ வரைந்துகொண்டே உள்ளே போனாள். "பூ வந்திருச்சா தாயி?" என்று கேட்ட பிறகுதான் அவர் மாத்திரையை வாங்குவார்.

4. பிராணவாயுக் கணக்கு

2021-ல் வந்த இரண்டாம் அலையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மே மாத ஆரம்பத்தில் நாட்டில் ஒரே நாளில் 4 லட்சத்துக்கு மேல் தொற்று பதிவாயிற்று. அதே மாதக் கடைசிப் பகுதியில் தமிழ்நாட்டில் மட்டும் ஒரு நாளைக்கு 36 ஆயிரத்தைத் தாண்டியது. அந்த வாரங்களில் நம் செவிலியர் ஓயாமல் ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒரு பெரிய ஜம்போ சிலிண்டரில் சுமார் 7,000 லிட்டர் பிராணவாயு இருக்கிறது. ஒரு நோயாளிக்கு நிமிஷத்துக்கு 5 லிட்டர் போதுமானால் அது ஏறத்தாழ ஒரு நாள் வரும். 15 லிட்டர் தேவைப்பட்டால் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. மூக்குவழியாக அதிவேகமாகச் செலுத்தும் கருவியில் நிமிஷத்துக்கு 60 லிட்டர் சுத்த பிராணவாயு போகுமானால், அதே சிலிண்டர் இரண்டு மணி நேரங்கூட வராது. வார்டில் முப்பது பேர் படுத்திருக்கும்போது, எந்தச் சிலிண்டர் எந்த நேரத்தில் தீரும், மாற்றுச் சிலிண்டர் எந்த மூலையில் இருக்கிறது, அதை உருட்டி வர யார் இருக்கிறார்கள் என்பதையெல்லாம் இரவுப்பணிச் சகோதரி மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். "தூங்கினாலும் காதுக்குள்ள அந்த அளவுமானிச் சத்தம்தான் ஐயா" என்றார் ஒருவர்.

விரலில் மாட்டும் சிறிய கருவி காட்டுகிற எண்ணைப் பார்த்துத்தான் அநேக முடிவுகள் எடுக்கப்பட்டன. 94-க்குக் கீழே போனால் எச்சரிக்கை. இந்த நோயின் வஞ்சகம் என்னவென்றால், எண் 80-க்குக் கீழே இறங்கின பிறகும் சிலர் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். நோயாளி நன்றாயிருக்கிறார் என்று குடும்பத்தார் தொலைபேசியில் சந்தோஷப்படும்போது, எண்ணைப் பார்த்த செவிலியர் உள்ளுக்குள் நடுங்குவார்.

குப்புறப் படுக்கவைக்கும் சிகிச்சையையும் சொல்ல வேண்டும். மல்லாந்து படுத்திருக்கையில் நுரையீரலின் பின்பகுதி அமுங்கிப்போகிறது. குப்புறப் படுத்தால் அந்தப் பகுதிக்குக் காற்று போகிறது. நினைவோடு இருப்பவரைக் கெஞ்சிக் கொஞ்சித் திருப்பிவிடலாம். வென்டிலேட்டரில் இருப்பவரைத் திருப்ப நான்கைந்து பேர் வேண்டும். ஒருவர் தலையையும் மூச்சுக்குழாயையும் பிடித்துக்கொள்வார். அவர் எண்ணிச் சொல்ல மற்றவர்கள் ஒரே நேரத்தில் புரட்டுவார்கள். குழாய் நழுவினால் உயிர் போய்விடும். அப்படி 12 முதல் 16 மணி நேரம் வைத்திருந்து மறுபடியும் திருப்ப வேண்டும். கன்னத்திலும் நெற்றியிலும் புண் வராமல், கண் உலராமல் பார்க்க வேண்டும். இது எந்த விலையுயர்ந்த மருந்தும் அல்ல. மனுஷக் கைகளின் வேலை. ஆனாலும் இதனால் வீடு திரும்பினவர்கள் அநேகர்.

5. கடைசி நேரத்துத் துணை

பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லாத நாட்கள் அவை. அறுபது வயதைத் தாண்டிய எங்களையும் கோவிட் வார்டுக்குள் விடவில்லை. அதுவே சரியான விதி. ஆகவே நாங்கள் வார்டுக்கு வெளியே நின்று தொலைபேசியில் ஜெபித்தோம். உள்ளே அந்தத் தொலைபேசியைப் பிடித்திருந்தது செவிலியரின் கை.

ஒரு தாயாருக்கு முடிவு நெருங்கியபோது, வெளியூரில் இருந்த பிள்ளைகளைச் செவிலியர் அழைத்தார். அவர்கள் பேசினார்கள், அழுதார்கள், பின்பு அம்மாவுக்குப் பிடித்த பாட்டு ஒன்றைச் சேர்ந்து பாடினார்கள். அந்தச் சகோதரி இருபது நிமிஷம் போனைக் காதோரம் பிடித்தபடி நின்றார். மறுகையால் அந்த அம்மாவின் கையைப் பிடித்திருந்தார். பாட்டு முடிந்த சற்று நேரத்தில் மூச்சு அடங்கியது. வீட்டாரிடம் அவர் சொன்னது ஒன்றே: "நான் பக்கத்துலயே இருந்தேன். அம்மா தனியா போகல."

மரித்தவர்களைச் சுத்தம் செய்து, பையில் வைத்து, பெயர்ச்சீட்டைக் கட்டி அனுப்புவதும் அவர்கள் வேலையே. அந்த முகத்தைக் கடைசியாகப் பார்த்தது மகனோ மகளோ அல்ல, பெயர் தெரியாத ஒரு செவிலியர். அடக்க ஆராதனைகளில் நாம் போதகருக்கும் உறவினருக்கும் நன்றி சொல்லுகிறோம். அந்தச் சகோதரிக்கு நன்றி சொன்ன குடும்பங்கள் எத்தனை?

6. பிரசவ அறைக்கு விடுமுறை இல்லை

கொள்ளைநோய் வந்தது என்பதற்காகக் குழந்தைகள் பிறப்பதை ஒத்திப்போடுவதில்லை. அறுவை சிகிச்சைகளைத் தள்ளிவைத்தார்கள், வெளிநோயாளர் பிரிவைக் குறைத்தார்கள். ஆனால் 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு தொடங்கிய இரவிலும் பிரசவ அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பேருந்து இல்லை, ஆட்டோ இல்லை. வலி கண்ட பெண்கள் இருசக்கர வாகனங்களில் வந்து இறங்கினார்கள்.

மருத்துவச்சியின் முதல் கருவி அவளுடைய முகமும் குரலுமே. "மூச்சை நல்லா இழுத்து விடும்மா, இன்னும் கொஞ்சந்தான் கண்ணு" என்று சொல்லும்போது அந்த முகத்தைப் பார்த்தே பெண் தைரியம் கொள்கிறாள். கொள்ளைநோய் அந்த முகத்தை மறைத்துவிட்டது. குரலும் இரண்டு அடுக்கு மூடிக்குள் அடைபட்டது. கூட இருக்கும் தாயோ மாமியாரோ உள்ளே வர முடியவில்லை. முதற்பிரசவப் பெண்கள் பயந்து நடுங்கினார்கள். எங்கள் மருத்துவச்சி ஒருவர் சொன்னார்: "கண்ணாலதான் சிரிக்கக் கத்துக்கிட்டோம் ஐயா. கையைப் பிடிச்சா விடவே மாட்டாங்க. விலகி நில்லுன்னு சட்டம். பிள்ளை பெறுகிறவகிட்ட எப்படி விலகி நிக்கிறது?"

தாய்க்குத் தொற்று இருந்தால் குழந்தையைப் பிரிக்க வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. ஆரம்ப நாட்களில் உலகத்தின் பல இடங்களில் பிரித்துவைத்தார்கள். முகக்கவசம் அணிந்து, கைகளைக் கழுவி, தாய் பால் கொடுக்கலாம், சேயைத் தன்னோடு வைத்துக்கொள்ளலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது. எடை குறைந்தும் குறைமாதத்திலும் பிறக்கும் குழந்தைகளைத் தாயின் மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு முறையைத் தொடர்ந்தால் 1 லட்சத்து 25 ஆயிரத்துக்கு மேற்பட்ட சிசுக்களைக் காக்கலாம் என்றும், அப்படி வைப்பதால் கோவிட்டினால் வரக்கூடிய சிசு மரணங்கள் 2,000-க்கும் குறைவு என்றும் 2021-ல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பயம் பிரிக்கச் சொன்னது. உண்மை சேர்த்துவைக்கச் சொன்னது. தாய்க்கு முகக்கவசத்தைக் கட்டி, குழந்தையை மார்பில் வைத்து, வீட்டாரின் பயத்தையும் பொறுமையாகப் பேசித் தீர்த்தவர்கள் மருத்துவச்சிகளே.

இரண்டாம் அலையில் கர்ப்பவதிகள் அதிகமாய்ப் பாதிக்கப்பட்டார்கள். 2021 ஜனவரி 16-ல் நம் நாட்டில் தடுப்பூசி தொடங்கியபோது கர்ப்பிணிகள் அதில் சேர்க்கப்படவில்லை. ஜூலை 2-ஆம் தேதிதான் அனுமதி வந்தது. அலையின் உச்சமோ மே மாதத்தில். ஆகவே பாதுகாப்பில்லாமல் தீவிர சிகிச்சைக்கு வந்த தாய்மார்களை நாங்கள் கண்டோம். குறைமாதத்தில் குழந்தையை எடுத்து, தாயை வென்டிலேட்டரில் வைத்த இரவுகள் உண்டு. கண்விழித்த ஒரு தாய்க்கு, பன்னிரண்டு நாட்களாக எடுத்துவைத்த குழந்தையின் படங்களைச் செவிலியர் ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். கண்விழிக்காத தாய்மாரும் உண்டு. அவர்களுடைய குழந்தைகளுக்கும் அப்படியே படம் எடுத்துவைத்தார்கள்.

கிராம சுகாதாரச் செவிலியரையும் மறக்கக்கூடாது. ஊரடங்கில் வீடுவீடாகப் போய், எந்தப் பெண்ணுக்கு எந்தத் தேதி என்று குறித்துவைத்து, இரும்புச்சத்து மாத்திரையைக் கொடுத்து, குழந்தைகளின் தடுப்பூசியைத் தவறவிடாமல் பார்த்தவர்கள் அவர்கள்.

7. வீட்டு வாசலில் வந்த துன்பம்

2020 மார்ச் 22-ஆம் தேதி மாலை 5 மணிக்கு நாடு முழுவதும் கைதட்டியது. ஒரு மாதத்துக்குள், ஏப்ரல் 19-ல், கோவிட்டினால் மரித்த நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸை அடக்கம் செய்யவிடாமல் சென்னையில் ஒரு கூட்டம் கல்லெறிந்தது. மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் ஜாமீனில் வர முடியாத குற்றம் என்று ஏப்ரல் 22-ல் மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று.

நம் செவிலியர் பட்டதும் இதே ஜாதித் துன்பம்தான். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். பால்காரர் வாசலுக்கு வருவதை நிறுத்தினார். குழாயடியில் விலகிப்போனார்கள். காலி செய்யச் சொன்ன வீட்டுக்காரர்களில் ஞாயிறுதோறும் ஆராதனைக்கு வருகிறவர்களும் இருந்தார்கள் என்பதை வேதனையோடு எழுதுகிறோம்.

விடுதியில் தங்கி, மாதக்கணக்கில் பிள்ளைகளை வீடியோவில் மட்டும் பார்த்த தாய்மார் உண்டு. தன் கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவந்து, மற்றவர்களின் குழந்தைக்குப் பால் கொடுக்கக் கற்றுக்கொடுத்த சகோதரியும் உண்டு. திருநெல்வேலியிலிருந்தும் கன்னியாகுமரியிலிருந்தும் பெற்றோர் அழைத்து, "வேலையை விட்டுட்டு வந்துரு மக்கா" என்று அழுதார்கள். சிலர் போனார்கள். அவர்களைக் குற்றப்படுத்த யாருக்கும் உரிமை இல்லை. தங்கினவர்களும் பயமில்லாமல் தங்கவில்லை. பயந்துகொண்டே தங்கினார்கள்.

8. மனச்சாட்சியில் உண்டான காயம்

களைப்பு ஓய்வினால் தீரும். ஆனால் வேறொரு காயம் இருக்கிறது. செய்ய வேண்டியது இன்னதென்று தெரிந்திருந்தும் செய்ய முடியாமற்போவதால் வருகிற காயம் அது. இரண்டு பேருக்கு மூச்சுத் திணறுகிறது, ஒரே படுக்கை இருக்கிறது. கூப்பிடும் சத்தம் கேட்கிறது, உடையை அணிந்து உள்ளே போக பத்து நிமிஷம் ஆகிறது. வழக்கமாக ஓரிருவரைப் பார்க்கும் தீவிர சிகிச்சைச் செவிலியர் ஐந்தாறு பேரைப் பார்க்க வேண்டியிருக்கிறது. யாரும் தவறு செய்யவில்லை. ஆனாலும் இரவில் அந்த முகங்கள் வருகின்றன.

வருஷங்கள் கழிந்த பிறகும் எங்கள் அறைக்கு வந்து உட்காருகிறவர்கள் உண்டு. அவர்கள் ஆலோசனை கேட்பதில்லை. "அந்த 14-ஆம் நம்பர் படுக்கைக்காரர் ஞாபகமிருக்கா ஐயா?" என்று ஆரம்பிப்பார்கள். நாங்கள் கேட்டுக்கொண்டிருப்போம். அவசரப்பட்டு வசனம் சொல்லி வாயை அடைப்பது அவர்களுக்கு ஆறுதல் அல்ல என்பதை இந்த ஊழியம் கற்றுத்தருகிறது.

ஒரு சபையில் செவிலியருக்குப் பொன்னாடை போர்த்திக் கனப்படுத்தினார்கள். நல்ல காரியம். வெளியே வந்த ஒரு சகோதரி மெல்லச் சொன்னார்: "சால்வைக்கு நன்றி ஐயா. ஆனா எனக்கு ரெண்டு நாள் தூக்கம் வேணும்." தேவதைகள் என்று நாம் அவர்களை அழைக்கிறோம். தேவதைகளுக்குப் பசி இல்லை, சம்பளம் வேண்டாம், வீட்டில் காத்திருக்கும் பிள்ளைகள் இல்லை. நம் செவிலியருக்கு இவை எல்லாம் உண்டு.

9. வேதம் தரும் மூன்று பாடங்கள்

முதலாவது, சத்திரக்காரன் (லூக்கா 10). நல்ல சமாரியனைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம். சமாரியன் ஓர் இரவு காயப்பட்டவனைத் தானே பராமரித்தான். மறுநாள் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பயணம் போனான். அதற்குப்பின் கட்டுகளை அவிழ்த்துப் புதிதாகக் கட்டினது யார்? நடுராத்திரியில் தண்ணீர் கொடுத்தது யார்? சத்திரக்காரனே. அவன் பெயரும் தெரியாது, அவன் பட்ட பாடும் எழுதப்படவில்லை. உங்கள் காணிக்கை சமாரியனின் பணத்தைப் போன்றது. அது வீணாகாமல் ஒரு மனுஷனை எழும்பி நடக்கச் செய்வது சத்திரத்தில் விழித்திருப்பவரின் வேலை. சமாரியன் பணத்தோடு நிறுத்தவில்லை என்பதையும் கவனியுங்கள். திரும்பி வருவேன், அதிகமாய்ச் செலவானால் அதையும் தருவேன் என்று வாக்களித்தான். விழித்திருந்தவனுக்கு நஷ்டம் வரக்கூடாது என்பதும் அவனுடைய இரக்கத்தில் அடங்கியிருந்தது.

இரண்டாவது, சிப்பிராளும் பூவாளும் (யாத்திராகமம் 1). பிறக்கும் ஆண்பிள்ளைகளைக் கொல்லச் சொன்ன ராஜாவுக்குக் கீழ்ப்படியாத மருத்துவச்சிகள் இவர்கள். அந்தப் பார்வோனின் சொந்தப் பெயர் அங்கே எழுதப்படவில்லை. இந்த இரு மருத்துவச்சிகளின் பெயர்களோ எழுதப்பட்டிருக்கின்றன. அதிகாரமும் பயமும் சூழ்ந்திருக்கும்போது, பிறக்கிற உயிரின் பக்கமாக நிற்பது சின்ன வேலை அல்ல. கொள்ளைநோயின் நடுவில் தாயையும் சேயையும் பிரிக்காமல் காத்தவர்கள் அவர்களுடைய வரிசையில் வருகிறவர்கள்.

மூன்றாவது, சூரைச்செடியின் கீழ் எலியா (1 இராஜாக்கள் 19). பெரிய வேலையைச் செய்து முடித்த தீர்க்கதரிசி, இனிப் போதும், சாகவேண்டும் என்று படுத்துவிட்டான். தேவன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை, உபதேசமும் செய்யவில்லை. தூங்கவிட்டார். தூதன் தட்டி எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடியும் தூங்கவிட்டார். மறுபடியும் ஆகாரம். பேச்சு அதற்குப் பிறகே வந்தது. களைத்துப்போன ஊழியக்காரருக்கு முதலில் வேண்டியது தூக்கமும் ஆகாரமுமே என்று தேவனே அறிந்திருக்கிறார்.

10. சபை செய்யக்கூடியவை

இவற்றை வாசித்துப் பெருமூச்சு விட்டு நிறுத்தினால் பாடம் முடிந்ததாகாது. உங்கள் சபையில் செவிலியர், மருத்துவச்சிகள், கிராம சுகாதாரச் செவிலியர் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று முதலில் பெயர் எழுதுங்கள். மே 5-லும் மே 12-லும் அவர்களுடைய பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். இரவுப்பணி முடிந்து வருகிறவர்களை அன்றைக்கே பாடகர் குழுவுக்கும் ஓய்வுநாள் பள்ளிக்கும் இழுக்காதிருங்கள். அவர்களுடைய பிள்ளைகளை ஒரு மாலை பார்த்துக்கொள்ள ஒரு வீடு முன்வரட்டும். வாடகைக்கு வீடு கொடுக்கிறவர்கள் செவிலியருக்கு முதலிடம் கொடுக்கத் தீர்மானியுங்கள். எந்த மருத்துவமனைக்கு உதவி செய்தாலும், கட்டடத்தையும் கருவியையும் பற்றி விசாரிப்பதோடு, செவிலியர் போதுமானவர்கள் இருக்கிறார்களா, அவர்களுக்கு விடுப்பு கிடைக்கிறதா, தங்கும் இடம் நன்றாயிருக்கிறதா என்றும் கேளுங்கள். அப்படிக் கேட்கும் ஆதரவாளரைக் கண்டு நிர்வாகம் வருத்தப்படக்கூடாது.

உங்கள் குடும்பத்தில் அந்நாட்களில் யாராவது மருத்துவமனையில் மரித்திருந்தால், அவர் பக்கத்தில் நின்ற செவிலியர் யாரென்று கூடுமானால் விசாரித்து ஒரு கடிதம் எழுதுங்கள். காலதாமதம் ஒரு பொருட்டல்ல. அப்படி ஒரு கடிதம், மூன்று வருஷம் கழித்து எங்கள் சகோதரி ஒருவருக்கு வந்தது. அதை அவர் தன் வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறார்.

சேர்ந்து சிந்திக்க

1. கொள்ளைநோய் நாட்களில் நம் தெருவில், நம் சபையில் செவிலியர் எப்படி நடத்தப்பட்டார்கள்? மறைக்காமல் பேசுவோம்.

2. சமாரியன், சத்திரக்காரன் ஆகிய இருவரில் நாம் யாருடைய வேலையைச் செய்கிறோம்? ஒருவருக்கு மற்றவர் எப்படித் துணையாகலாம்?

3. "பயம் பிரிக்கச் சொன்னது, உண்மை சேர்த்துவைக்கச் சொன்னது." நம் குடும்பத்தில் பயத்தினால் நாம் விலக்கிவைத்தவர்கள் இன்னும் இருக்கிறார்களா?

4. நாம் அறிந்த ஊழியக்காரரில் இன்று சூரைச்செடியின் கீழ் படுத்திருப்பவர் யார்? அவருக்கு அடையும் தண்ணீரும் கொண்டுபோவது யார், எந்த நாளில்? கூட்டம் கலையுமுன் பெயரையும் நாளையும் முடிவுசெய்வோம்.